ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணி பஸ்ஸில் என் தாயாரை ஏற்றிக்கொண்டு ஜில்லாத் தலைநகருக்குப் புறப்பட்டேன். அம்மாவுக்கு வயது 74. கண்ணில் நீரழுத்த நோய். கிளாக்கோமா என்று டாக்டர்கள் சொல்வது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தம் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு, சொட்டு மருந்தை மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொண்டு வரவேண்டும். போக வர 80 கிலோமீட்டர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு. அம்மாவுக்கோ முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். புளிச் சாதத்தைக் கட்டி வைத்துவிட்டு, மூன்று மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "டாக்டர் இன்றைக்கு வரவில்லையே, சார். முந்தாநாளே மெஸேஜ் அனுப்பியிருக்கிறோமே!" என்றாள்.

"எனக்கு ஒன்றும் வரவில்லையே, அம்மா."

அவள் எண்ணைப் படித்தாள். அது என் தம்பியின் எண். நான்கு வருஷங்களுக்கு முன்பு முதன்முதலாக அம்மாவை அழைத்துக்கொண்டு போனவன் அவன். இப்போது அவன் மஸ்கத்தில் இருக்கிறான்; அந்த எண்ணை விட்டு வெகு காலமாகிறது. நம் நாட்டில், உபயோகிக்காமல் விட்ட கைப்பேசி எண்ணைச் சில மாதங்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே, என் தாயாரின் கண்ணைப் பற்றிய சமாசாரம், எந்த ஊரிலோ இருக்கும் யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது!

வெளியே வேப்ப மரத்தடியில் இருந்த பெஞ்சியில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏண்டா அப்பா, தேதியை மாற்றினவர்கள் ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். இந்தக் காலத்தில் கார்டாவது, தபாலாவது என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

புதிய தேதி ஐந்து வாரங்களுக்கு அப்பால் கிடைத்தது. இடையில் சொட்டு மருந்து தீர்ந்துபோயிற்று. "டாக்டர் எப்படியும் மருந்தை மாற்றத்தானே போகிறார்? வீணாக எதற்கு ஒரு குப்பி வாங்குவது?" என்று எண்ணி, அம்மா எங்களிடம் சொல்லாமலே 12 நாட்கள் மருந்து விடாமல் இருந்திருக்கிறாள். சிக்கனத்தில் பிறந்து சிக்கனத்தில் வளர்ந்தவர்களின் புத்தி அது. ஐந்து வாரங்கள் கழித்துப் போனபோது அழுத்தம் ஏறியிருந்தது. இடது கண்ணின் பார்வைப் பரப்பு குறுகியிருந்தது. அந்த 12 நாட்களால்தான் குறுகியது என்று டாக்டர் சொல்லவில்லை. சம்பந்தமில்லை என்றும் சொல்லவில்லை. இந்த வியாதியில் வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, போனது போனதுதான், திரும்பி வராது. இப்பொழுதெல்லாம் இடது கைப் பக்கமாக வைத்த காபித் தம்ளர் அவளுக்குத் தெரிவதில்லை. வலது பக்கமாக வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

குற்றம் யாருடையது? ஆஸ்பத்திரியார் செய்தி அனுப்பினார்கள் என்பது உண்மை. எண்ணை மாற்றிக் கொடுக்காதது என் தவறு என்பதும் உண்மை. ஆனால் நான்கு வருஷங்களில் பதினைந்து தடவை அந்த ஜன்னலண்டை போயிருக்கிறோம். வயது கேட்டார்கள், விலாசம் கேட்டார்கள், இன்ஷூரன்ஸ் கேட்டார்கள். "உங்களுக்கு ஒரு சமாசாரம் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொன்னால் உங்களை வந்து சேரும்?" என்று மட்டும் ஒருவரும் ஒரு தடவையும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறேன்.

முதலில் அம்மா கேட்ட கார்டையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் காலணாத் தபால் கார்டு 1879-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி பிறந்தது. பிறகு எத்தனையோ தலைமுறைகளுக்கு நல்லதும் கெட்டதும் அதில்தான் வந்தன. கார்டில் ஒரு பெரிய சௌகரியம்: அது வீட்டுக்கு வரும், ஆளுக்கு வராது. வீட்டில் யார் ஊருக்குப் போயிருந்தாலும், கார்டு இறவாணத்தில் செருகப்பட்டு, உரியவர் கண்ணில் படும் வரையில் காத்திருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தபால்காரரே படித்துச் சொல்லிவிட்டுப் போவார். அதிலேயே ஒரு பெரிய அசௌகரியமும் உண்டு: தபால்காரர் படித்ததைத் தெருவே கேட்கும்! கல்யாணச் சேதிக்கு அது சரி, காசநோய்க்குச் சரியாகுமா?

தந்தியின் கதை வேறு. 2013 ஜூலையில் அது ஓய்வு பெறும் வரையில், தந்திச் சேவகனைக் கண்டால் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் அழத் தொடங்கிவிடும் வீடுகள் உண்டு. அந்தப் பயம் தந்தியோடு போய்விடவில்லை. "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசியில் ஒரு குரல் ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை வருவதற்குள் நமக்கு வயிற்றில் புளி கரைகிறதல்லவா? தேதி மாறியிருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குரல் முதலில், "பயப்படும்படி ஒன்றுமில்லை, அம்மா" என்று தொடங்க வேண்டும் என்பது எவ்வளவு பேருக்குத் தெரிகிறது?

நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வெகு காலமாக இந்தத் தொல்லையே இல்லாமல் இருந்தது. ஓ.பி. சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். மறுபடி வரவேண்டிய நாளை டாக்டரோ நர்ஸோ நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். நோட்டுத்தான் கடிதம், நோயாளிதான் தபால்காரர். இந்த முறையைப் பழசு என்று தள்ளிவிடலாகாது. நோட்டைப் பேத்தியிடம் காட்டித் தேதியைக் கேட்டுக்கொள்ளலாம். மழையில் நனையாமல் தகர டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குறை: எழுதிய தேதியை மாற்ற வேண்டியிருந்தால் நோட்டு பேசாது. அந்த இடத்தில்தான் கைப்பேசிச் செய்தி வந்து சேர்ந்தது.

கைப்பேசிச் செய்தி மலிவு, நொடியில் போகும், அனுப்பியதற்கு அத்தாட்சியும் உண்டு. ஆனால் அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கிறதே தவிர, புரிந்துகொண்டதற்கு அத்தாட்சி ஏது? எங்கள் ஊரில் நான் பார்த்த வரையில், தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை இங்கிலீஷில் வருகின்றன. ஏன் என்று விசாரித்தபோது ஒரு வேடிக்கையான கணக்குத் தெரிய வந்தது. ஒரு குறுஞ்செய்தியில் இங்கிலீஷ் எழுத்தானால் 160 கொள்ளும். தமிழானால் 70-தான் கொள்ளும். அந்த 70-ம் நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் எழுத்துக் கணக்கல்ல. யந்திரத்துக்குப் புள்ளி ஓர் எழுத்து. கொம்பு ஓர் எழுத்து. கால் ஓர் எழுத்து. 'மருத்துவமனை' என்பது இலக்கணப்படி ஏழு எழுத்து; யந்திரத்துக்கோ பதினொன்று! "தங்கள் கண் பரிசோதனை 14-ஆம் தேதியிலிருந்து 28-ஆம் தேதிக்கு மாற்றப்பட்டிருக்கிறது" என்ற சாதாரண வாக்கியத்தை, இடைவெளியும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், 79 வந்தது. ஒரு செய்தியில் அடங்காது, இரண்டாகக் கணக்காகும், இரண்டுக்கும் காசு. தொல்காப்பியர் கண்டால் என்ன சொல்லுவாரோ தெரியாது. ஆயிரக்கணக்கில் செய்தி அனுப்பும் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிள்ளை, "இங்கிலீஷிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சில காசுகளை மிச்சம் பிடித்ததற்கு ஈடாக, 80 கிலோமீட்டர் பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் நோயாளியின் மடியிலிருந்து போகின்றன. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பெண்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாங்களே உபயோகிக்கும் கைப்பேசி உள்ள பெண்கள் 100-க்கு 54 பேர். அந்த 54 பேரிலும் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 71 விகிதமே. பெருக்கிப் பார்த்தால், 100 பெண்களில் ஏறக்குறைய 38 பேருக்குத்தான் ஒரு செய்தியைத் தம் கையில் வாங்கித் தாமே படிக்க முடியும். இதுவும் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டவர்களைப் பற்றிய கணக்கு. என் தாயாரின் வயதுடையவர்களை அதில் கேட்கவேயில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் மத்தியானம் ஆசிரியர் அறையில் பேச்சை எடுத்தேன். "ஆஸ்பத்திரியில் தேதி மாறினால் உங்களுக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும்?" என்று கேட்டேன். பத்துப் பேர் இருந்தோம். பதினோரு அபிப்பிராயம் வந்தது.

கணக்கு ஆசிரியருக்குக் குறுஞ்செய்தியே போதும். வகுப்பு நடக்கும்போது போனை அடைத்து வைத்திருப்பவர் அவர்; கூப்பிட்டால் எடுக்க மாட்டார். சரித்திர ஆசிரியைக்குச் செய்தி என்றாலே அருவருப்பு. பாங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, மின்சாரம் இன்றிரவு துண்டிக்கப்படும் என்றெல்லாம் மோசக்காரர்கள் அனுப்பும் செய்திகளுக்கு நடுவில் ஆஸ்பத்திரிச் செய்தி எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்ணைப் பார்க்காமலே அழித்துவிடுகிறாராம். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அன்று வந்திருந்தார். அவருக்குக் காது மந்தம். "போனில் பேசினால் 'பதினேழு' என்பதும் 'இருபத்தேழு' என்பதும் எனக்கு ஒன்றுதான். காகிதத்தில் எழுதி அனுப்பினால் போதும்" என்றார்.

மத்தியான உணவு சமைக்கும் அம்மாள் அப்போது தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்தாள். அவளையும் கேட்டேன்.

"போன் என் மவன்கிட்டே இருக்குதுங்க, சார். அவன் லாரியிலே போனா வர மூணு நாளாவும். நோட்டிலே எழுதிக் குடுத்துட்டாப் போதும். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யாராச்சும் படிச்சுச் சொல்லிடுவாங்க."

அவள் போன பிறகு, இளம் ஆசிரியை ஒருவர் தணிந்த குரலில் ஒன்று சொன்னார். அவருக்கு மணமாகி ஆறு வருஷமாகிறது, குழந்தையில்லை, வைத்தியம் நடந்து வருகிறது. பதிவு செய்யும்போது கணவனுடைய எண்ணைக் கொடுத்திருந்தார்கள். கணவன் குளிக்கப் போயிருந்த சமயம் செய்தி வந்தது. போனை எடுத்துப் பார்த்தவர் நாத்தனார். அன்று மாலைக்குள் குடும்பம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. "தேதி தெரிந்தது, சார்; ஆனால் தெரியக் கூடாதவர்களுக்கெல்லாம் தெரிந்தது" என்றார். பிறகு ஒருவரும் பேசவில்லை. மணியும் அடித்துவிட்டது.

இதைச் சிறு விஷயமென்று எண்ணிவிடக் கூடாது. எச்.ஐ.வி. நோயாளிகளைப் பற்றிய 2017-ஆம் வருஷத்துச் சட்டம், அவர்களுடைய நிலையை அவர்கள் சம்மதமில்லாமல் வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. ஆனால் சட்டமா போனின் முகப்பில் காவல் நிற்கிறது? மேஜைமேல் கிடக்கும் போனில் ஆஸ்பத்திரியின் எந்தப் பிரிவு என்பது பளிச்சென்று தெரிந்தால் போதுமே! காசநோய், மனநோய், கர்ப்பப் பரிசோதனை ஆகிய இவற்றில் எல்லாம் செய்தி வராமல் போவது ஒரு கேடு. வந்து மற்றவர் படிப்பது இன்னொரு கேடு. இரண்டில் எது பெரிது என்று தீர்மானிக்கும் பாத்தியதை நோயாளிக்குத்தான் உண்டு.

நினைவூட்டுவதால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கலாம். உண்டு, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சிச் சங்கத்தார், வெவ்வேறு பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். நினைவூட்டாமல் விட்டபோது 100-க்கு 68 பேர் போல வந்தார்கள். குறுஞ்செய்தி அனுப்பியபோது 79 பேர் போல. போனில் கூப்பிட்டபோது 80 பேர். செய்திக்கும் குரலுக்கும் அவ்வளவாக வித்தியாசமில்லை என்பதைக் கண்டு, "அப்படியானால் செய்தியே போதும்" என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் அது மொத்தக் கணக்கு. மொத்தக் கணக்கில் என் தாயாரும் சமையல் அம்மாளும் காணாமல் போய்விடுகிறார்கள்.

இங்கிலாந்தில் 1948 முதல் எல்லாருக்கும் சர்க்கார் செலவில் வைத்தியம் நடக்கிறது. அங்கே வெளிநோயாளியைத் தேதி குறித்து வரவழைப்பதுதான் வழக்கம். ஆகவே, வராமற் போகிறவர்களைப் பற்றிய கவலையும் அங்கே அதிகம். லண்டனில் பார்ட்ஸ் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. அங்கே செய்தியின் வாசகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். "நீங்கள் வராவிட்டால் ஏறக்குறைய 160 பவுன் நஷ்டமாகும்" என்று சேர்த்து எழுதினார்கள். வராதவர்கள் 100-க்கு 11.1 என்றிருந்தது 8.4 ஆகக் குறைந்தது. வாசகத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. 2016 ஆகஸ்டு முதல் அந்நாட்டு சர்க்கார் வைத்திய ஸ்தாபனங்கள் ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது: கண், காது முதலியவற்றில் குறை உள்ளவர்களையும், ஊனமுற்றவர்களையும், அவர்களுக்கு எந்த வகையில் செய்தி சொல்ல வேண்டுமென்று கேட்க வேண்டும், கேட்டதை எழுதிவைக்க வேண்டும், அதன்படி நடக்க வேண்டும். பெரிய எழுத்தா, பிரெயில் எழுத்தா, போனா என்பதை அவர்களே சொல்லலாம். விதி இருப்பதால் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பார்வையற்றவருக்குச் சாதாரணக் கடிதம் போய்ச் சேர்ந்த புகார்கள் உண்டு. இருந்தாலும், கேட்க வேண்டியது கடமை என்றாவது எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் தேசத்திலும் வழிகள் இல்லாமல் இல்லை. மத்திய சர்க்கார் 2016-ல் 'கில்காரி' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மார்களுக்கும் வாரந்தோறும் போனில் குரல் மூலமாகவே யோசனை சொல்லும் திட்டம் அது. படிக்கத் தெரியாதவருக்கும் காது இருக்கிறதே! தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவிலே அந்தப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், மாத்திரையோடு நாலு வார்த்தையும் கிடைக்கிறது. "அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் பாட்டி, மறந்துடாதீங்க" என்று அவள் சொன்னால், எந்தப் பாட்டியும் மறப்பதில்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. பதிவு செய்யும் காகிதத்தில் இன்னும் மூன்று வரி. எப்படித் தெரிவிக்க வேண்டும்: செய்தியா, குரலா, கடிதமா, நோட்டா? எந்தப் பாஷையில்? உங்களைத் தவிர வேறு யார் தெரிந்துகொள்ளலாம்? ஒவ்வொரு தடவை வரும்போதும், "எண் அதேதானா?" என்று ஒரு வார்த்தை. செய்தி அனுப்பினால், கிடைத்ததாகப் பதில் வராதவர்களை மட்டும் போனில் கூப்பிடுவது. அப்படிக் கூப்பிட வேண்டியவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும், படிக்காதவர்களும், சொந்தமாகப் போன் இல்லாதவர்களுமாகத்தான் இருப்பார்கள். வைத்தியம் தப்பினால் அதிகம் நஷ்டப்படுகிறவர்களும் அவர்களே. "எங்களுக்கு ஆள் இல்லை" என்று ஆஸ்பத்திரியார் சொல்வார்கள். வராதவருக்காக நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருக்க நேரம் இருக்கிறதல்லவா?

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அதே ஜன்னலில் அதே பெண் இருந்தாள். பழைய எண்ணை அடித்து என் எண்ணை எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அல்ல, அம்மாவை.

"பாட்டி, உங்களுக்கு எப்படிச் சொன்னால் சௌகரியம்?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இவன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். வீட்டில் ஒரு போன் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றின பிறகு கூப்பிடு. என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. தமிழில் சொல்லு" என்றாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை என்று சொல்லவில்லை. கோப்பின் மேலட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் நான் டியூஷன் முடித்து வீடு திரும்பியபோது, அம்மா திண்ணையிலேயே காத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்களாம், தேதி இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கிறதாம், எடுத்தவுடனே, "பயப்படாதீங்க பாட்டி" என்றாளாம். அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, நாட்காட்டித் தாளில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடச் சொல்லியிருந்தாள். பையன் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டான். முன்னும் பின்னும் இரண்டு நாள் அதற்குள் அடங்கிக் கிடந்தன. எது சரியான தேதி என்று நான் கேட்பதற்குள், "பதினாறு, வியாழக்கிழமை. அவளை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்" என்றாள் அம்மா.